சின்ன கிச்சன்ல ஒயின் பாட்டிலை எங்கதான் வைக்கறது? ரேக், கேபினெட், கூலர் எல்லாம் வெச்சுப் பார்த்த கதை

ரெண்டு கையையும் விரிச்சா எங்க கிச்சன் கவுன்ட்டர் முடிஞ்சிடும். அடுப்பு போக, சிங்க் போக, மைக்ரோவேவ் போக மிச்சம் இருக்கறது காய் நறுக்கற பலகை வைக்கற இடம்தான். இதுக்குள்ள ஒரு டஜன் ஒயின் பாட்டிலை பார்க்க அழகாவும் வைக்கணும், கெட்டுப்போகாமலும் வைக்கணும்னு ஆசைப்பட்டு இடம் மாத்தி இடம் மாத்தி வெச்சுப் பார்த்துட்டேன். கடைசில புரிஞ்சது என்னன்னா பாட்டிலுக்குப் பிடிச்ச இடம் எல்லாம் யார் கண்ணுலயும் படாத இடம், நம்ம கண்ணுக்குப் பிடிச்ச இடம் எல்லாம் பாட்டிலுக்கு ஆகாத இடம். ரெண்டையும் ஒரே ரேக்ல முடிச்சிடலாம்னு நினைச்சதுதான் நான் பண்ண தப்பு.

முதல் ரேக்கை எங்க வெச்சேன் தெரியுமா, ஃப்ரிட்ஜ் தலைமேல. காலியா கிடந்த ஒரே இடம் அதுதான், ஆறு பாட்டில் படுக்கற மர ரேக், அளவெடுத்து செஞ்ச மாதிரி உக்காந்துச்சு. வெயில் காலம் வந்துச்சு, போச்சு, நான் கண்டுக்கவே இல்லை. ஒரு நாள் தூசி தட்டலாம்னு எடுத்தா ஒரு பாட்டில் கழுத்துல கை ஒட்டுது. பார்த்தா கார்க் ரெண்டு மில்லிமீட்டர் வெளிய வந்திருக்கு, அது பக்கத்துல சிவப்பா ஒரு கோடு வழிஞ்சு காய்ஞ்சு போயிருக்கு. திறந்து குடிச்சா ஒயின் மாதிரியே இல்லை, பழத்தைப் போட்டு கொதிக்க வெச்ச தண்ணி மாதிரி ஒரு ருசி. நல்ல நாளுக்குன்னு எடுத்து வெச்ச பாட்டில் வேற.

ஏன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள். ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்றதுதான் அதோட வேலையே, அந்த சூடு பின்னாடி வழியா மேலதான் ஏறும். போதாக்குறைக்கு அடுப்புச் சூடும் சீலிங் பக்கம் போய் தேங்கும். சூடானா ஒயின் விரியும், ஒரு சில மில்லிதான், ஆனா பாட்டிலுக்குள்ள இருக்கற காலி இடமே கொஞ்சம்தான், அதனால கார்க்கைத் தள்ளும். ராத்திரி ஆறினா சுருங்கும், அப்போ வெளிக்காத்தை உள்ள இழுக்கும். தினம் இப்படியே தள்றதும் இழுக்கறதுமா நடந்தா எந்த கார்க் தாங்கும்.

அதனால டிகிரி கணக்கை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. ரொம்ப நாள் வைக்கறதுக்கு 12, 13 டிகிரி செல்சியஸ்னு சொல்லுவாங்க, அது பாதாள அறை கணக்கு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு 18, 20 டிகிரில ஏறாம இறங்காம நின்னாலே போதும், சில மாசத்துக்கு ஒண்ணும் ஆகாது. காலைல 18, சாயங்காலம் 30ன்னு ஊஞ்சல் ஆடற இடம்தான் ஆகவே ஆகாது. கிச்சன்னாலே ஊஞ்சல்தான், அதான் சிக்கல்.

அடுத்தது வெளிச்சம். இதை நான் ரொம்ப நாளா சும்மா பயமுறுத்தறாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன், நிஜமாவே விஷயம் இருக்கு. ஒயின்ல ரைபோஃப்ளேவின்னு ஒரு வைட்டமின் இருக்கு, நம்ம பி2 தான், அது வெளிச்சம் பட்டா சூடேறின ஆள் மாதிரி பக்கத்துல இருக்கற கந்தகம் கலந்த அமினோ அமிலத்தோட போய் மோதும், அதுல வர்ற வாசனை நனைஞ்ச அட்டைப்பெட்டி, வெந்த முட்டைக்கோஸ் அந்த ரகம். வெள்ளை ஒயின், ரோஸேன்னு சொல்ற இளஞ்சிவப்பு ஒயின், ஷாம்பெயின் மாதிரி நுரைக்கற ஸ்பார்க்ளிங் இதெல்லாம் சீக்கிரம் மாட்டிக்கும், சிவப்புல இருக்கற டானின், அதாவது அந்தத் துவர்ப்பு, கொஞ்சம் காப்பாத்தும். நிறமில்லாத கண்ணாடி பாட்டில்னா பாதுகாப்பே கிடையாது, பச்சை பரவாயில்லை, பிரவுன் தான் பெஸ்ட். 1876ல ரஷ்ய ஜார் இரண்டாம் அலெக்சாண்டருக்காக செஞ்ச கிறிஸ்டல்ங்கற பேர் வெச்ச ஷாம்பெயின் இன்னிக்கும் தெளிவான கண்ணாடி பாட்டில்லதான் வருது, ஆனா மேல ஒரு மஞ்சள் செல்லோஃபேன் தாள் சுத்தி இருக்கும், அந்தத் தாள் அழகுக்கு மட்டும் இல்லை, வெளிச்சத்துல இருந்து காப்பாத்தறதுக்கும்தான். அவ்வளவு பெரிய கம்பெனியே தாள் சுத்தி விக்கறப்போ நாம ஜன்னல் ஓரம் ரோஸே பாட்டிலை வரிசையா நிக்க வெச்சு போட்டோ எடுக்கறோம்.

அதிர்வு, ஈரப்பதம் எல்லாம் உண்டு, ஆனா மூணு மாசத்துல குடிச்சு முடிக்கறவங்க அதுக்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

சொல்லப்போனா எந்த ரேக் வாங்கலாம்னு கேக்கறதுக்கு முன்னாடி உங்க வீட்ல ஒரு பாட்டில் சராசரியா எத்தனை நாள் உயிரோட இருக்குன்னு கேளுங்க. நம்மள்ல நிறைய பேர் வாங்கறது வாங்கின வருஷத்துலயோ அடுத்த வருஷத்துலயோ குடிக்கறதுக்குன்னே செஞ்ச ஒயின்தான், வெச்சிருந்தா ருசி ஏறும்னு எல்லாத்தையும் பத்திரப்படுத்தினா ஏறாது, இறங்கும். ரெண்டு வாரத்துல தீந்துடும்னா அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தள்ளி எங்க வெச்சாலும் சரிதான். ஆறு மாசம், ஒரு வருஷம் இருக்கும்னாதான் கீழ சொல்றதெல்லாம்.

கவுன்ட்டர் மேல வைக்கற சின்ன ரேக்தான் எல்லாரும் முதல்ல வாங்கறது. நல்லாவும் இருக்கும், பொய் சொல்லல. ஆனா அளவை யாரும் பார்க்கறதில்லை. நேரா தோள் வெச்ச போர்டோ ரக பாட்டில் சுமார் 7.5 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம். சரிவான தோள் வெச்ச பர்கண்டி ரகம் 8 செ.மீ. தாண்டும், ஷாம்பெயின் பாட்டில் 9 செ.மீ. கிட்ட வரும். நிறைய ரேக்கோட ஓட்டை போர்டோவுக்குத்தான் கணக்கு பண்ணி இருக்காங்க, நான் வாங்கினதுல பர்கண்டி பாதி வரைக்கும் போய் சிக்கிக்கிச்சு, ஷாம்பெயின் உள்ளயே போகல, அது தனியா கவுன்ட்டர்ல கோவிச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் பிசுக்கு. அடுப்புக்கு பக்கத்துல எது இருந்தாலும் ரெண்டு மாசத்துல மேல ஒரு எண்ணெய்ப் படலம் வந்துடும், அதுல தூசி உக்காரும், லேபிளைத் துடைச்சா லேபிளே கையோட வரும். சமைக்கற இடம் இவ்வளவு கம்மியா இருக்கறப்போ அதுல 30 செ.மீ. ஆழத்தை ஆறு பாட்டிலுக்கு தானம் பண்றது எனக்கு மனசு ஒப்பல.

சுவர் ரேக் வேற லெவல். தரையும் போகாது, கவுன்ட்டரும் போகாது, பாட்டிலை சுவரோட ஒட்டி லேபிள் முன்னாடி தெரியற மாதிரி படுக்க வைக்கற ரேக் இருக்கு பாருங்க, ஒல்லியா நாலு இரும்பு கம்பிதான், ஆனா முழு சுவரும் பெயின்டிங் மாட்டின மாதிரி ஆயிடும். அழகுக்கு மட்டும் மார்க் போடணும்னா இதுக்குத்தான் போடுவேன். வெயிட்டை மட்டும் மறந்துடாதீங்க. நிறைஞ்ச பாட்டில் ஒண்ணு 1.2, 1.3 கிலோ, ஷாம்பெயின் 1.6 கிலோ, ஏன்னா உள்ள 5, 6 அட்மாஸ்ஃபியர் பிரஷர் தாங்கணும்னு கண்ணாடியையே தடிமனா போடுவாங்க, கார் டயரை விட ரெண்டு மடங்குக்கு மேல. எட்டு பாட்டில் மாட்டினா பத்து கிலோ. செங்கல், கான்கிரீட் சுவர்னா நல்ல ஆங்கர் போட்டா நிக்கும். தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வர்ற போர்டு சுவர்னா உள்ள இருக்கற சட்டத்தைத் தேடிப் பிடிச்சு அதுல ஸ்க்ரூ இறங்கணும், இல்லைன்னா ஒரு நாள் ராத்திரி உங்களை எழுப்பப்போறது அலாரம் இல்லை. வாடகை வீடுன்னா ஓட்டை போடறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, அது தனி சண்டை.

எந்த சுவர்ங்கறதும் முக்கியம். சமைச்சு முடிச்ச உடனே உள்ளங்கையை சுவர்ல வெச்சுப் பாருங்க, அப்புறம் சாயங்கால வெயில் அடிக்கற நேரத்துல ஒரு தடவை. வெதுவெதுப்பா இருந்தா அந்த சுவரை விட்டுடுங்க. இன்னும் சுலபம், அதிகபட்சம் குறைஞ்சபட்சம் ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணை ரேக் மாட்டப்போற இடத்துல ஒரு வாரம் போட்டு வைங்க. நான் போட்டப்போ ஒரே கிச்சன்ல மேல் கேபினெட் மேல 34, கீழ் கேபினெட் உள்ள 25, ஒரே நாள்ல, ஒரே நேரத்துல. அந்த ரெண்டு நம்பரைப் பார்த்த அன்னிக்கே மேல இருந்த பாட்டில் எல்லாத்தையும் கீழ இறக்கிட்டேன்.

அதனால மேல் கேபினெட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவுல பாட்டில் அடுக்கறதைப் பத்தி தனியா எழுத ஒண்ணும் இல்லை. வேண்டாம். ஃப்ரிட்ஜுக்கும் கேபினெட்டுக்கும் நடுவுல இருக்கற ஒல்லி சந்துல செருகற ரேக்கும் அதே கேஸ்தான், நிறைய ஃப்ரிட்ஜுக்கு பக்கவாட்டும் சூடாகும், தொட்டுப் பாருங்க.

இப்போ யாரும் போட்டோ எடுக்காத இடத்துக்கு வருவோம், கீழ் கேபினெட். இருட்டு, தரைக்குப் பக்கம், அதனால குளிர்ச்சி, செலவு சைபர். சிங்க் அடில மட்டும் வைக்காதீங்க, வெந்நீர் பைப் ஓடும், ஈரம் இருக்கும், பாத்திர சோப்பு பினாயில் வாசனை எல்லாம் அங்கதான் குடி இருக்கும். ஓவன், டிஷ்வாஷர் இதுக்கு ஒட்டின கேபினெட்டும் வேண்டாம். மிச்சம் இருக்கறதுல அடுப்புல இருந்து ரொம்ப தூரமா இருக்கற கேபினெட்டோட அடித்தட்டு. ரேக் வாங்கவே வேண்டாம், ஒயின் வாங்கற கடைல உள்ள தடுப்பு வெச்ச அட்டைப்பெட்டி கேளுங்க, அதைப் பக்கவாட்டுல படுக்க வெச்சா தடுப்பு ஒவ்வொண்ணும் ஒரு அறை, பாட்டிலை அப்படியே செருகலாம். அட்டை சூட்டையும் கொஞ்சம் தடுக்கும், ஒண்ணோட ஒண்ணு இடிக்காது. வெளிய தெரியறது பாட்டில் கழுத்து மட்டும்தான், எது எதுன்னு தெரியாது, அதுக்கு ஒரு நூல்ல சின்ன அட்டை கட்டி பேர், வருஷம், எப்போ குடிக்கணும் மூணையும் எழுதி கழுத்துல மாட்டிடுங்க. ஒவ்வொண்ணா வெளிய இழுத்துப் பார்க்கற வேலையே வேண்டாம்.

டிராயர்ல வைக்கறதும் நல்ல ஐடியா, ஆனா 12 பாட்டில் 15 கிலோ, டிராயர் ஓடற சாதா சேனல் தாங்காது, நாள் ஆக ஆக முன்னாடி தொங்கிடும். அடில ஒரு ரப்பர் மேட் போடாம விட்டா டிராயரை இழுக்கறப்போ எல்லாம் பாட்டில் உருண்டு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு, யாரும் யோசிக்கறதே இல்லை. கீழ் கேபினெட்டுக்கும் தரைக்கும் நடுவுல கால் விரல் போற அளவு உள்வாங்கி ஒரு பலகை இருக்கும்ல, அது பின்னாடி முழுக்க காலி இடம். பொதுவா 10 செ.மீ. உயரம் இருக்கும், மாடுலர் கிச்சன்ல 15 கூட வரும். 7.5 செ.மீ. பாட்டில் அங்க தாராளமா படுக்கும். பலகையைக் கழட்டி அதையே முகப்பா வெச்சு ஒரு ஒல்லி டிராயர் பண்ணித்தர ஆள் கிடைச்சா ஆறு பாட்டில் ஜம்முனு தூங்கும், வீட்டுலயே குளிர்ச்சியான இடமும் பெரும்பாலும் அதுதான். ஒரே கண்டிஷன், அந்த இடத்துக்கு மேல உள்ளடக்கின ஃப்ரிட்ஜோ ஓவனோ இருந்தா தொடாதீங்க, அதுங்க அந்தப் பலகை சந்து வழியாத்தான் மூச்சு விடும், அடைச்சா மெஷினும் போகும் ஒயினும் போகும்.

கூலர், அதாவது ஒயினுக்குன்னே இருக்கற குட்டி ஃப்ரிட்ஜ், வாங்கலாமான்னு கேட்டா எனக்கே ரெண்டு மனசு. பெல்டியர் டைப், அதாவது தெர்மோஎலக்ட்ரிக்னு போட்டிருக்கறது, கம்ப்ரசர் இல்லாதது, சத்தம் ரொம்ப கம்மி, அதிர்வு இல்லை, சின்னதா கவுன்ட்டர்லயே வைக்கலாம். ஆனா அது சுத்தி இருக்கற சூட்டை விட ஒரு 10, 15 டிகிரி வரைக்கும்தான் இறக்கும். கிச்சன் 32ல கொதிக்கறப்போ உள்ள 12 வேணும்னு செட் பண்ணினா பாவம் அது நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கும், நம்பர் இறங்காது. சூடான கிச்சன்னா கம்ப்ரசர் டைப் தான், லேசா ஒரு உறுமல் இருக்கும், ஹாலும் கிச்சனும் ஒண்ணா இருக்கற வீட்ல ராத்திரி அது காதுல விழும், பழகிடும். இதுல இன்னொரு பொறி இருக்கு, தனியா நிக்கற மாடல் பின்னாடி வழியா சூட்டை விடும், அதைக் கொண்டுபோய் கேபினெட்டுக்குள்ள செருகினா சூடு வெளிய போக வழியில்லாம திணறும். கவுன்ட்டர் அடில போகணும்னா முன்பக்கம் காத்து விடற பில்ட்-இன் மாடல்னு கேட்டு வாங்கணும், 15 செ.மீ., 30 செ.மீ. அகலத்துல எல்லாம் வருது. 18 பாட்டில்னு பெட்டில போட்டிருந்தா அது பதினெட்டும் போர்டோவா இருந்தா, அப்படின்னு அர்த்தம், கலந்து வெச்சா சட்டுனு மூணு நாலு குறையும். கண்ணாடிக் கதவுன்னா புற ஊதாக் கதிரைத் தடுக்கற கண்ணாடியான்னும் பார்த்துக்கோங்க.

கூலரோட நிஜமான லாபம் என்னன்னா காட்சியும் சேமிப்பும் ஒரே இடத்துல சண்டை போடாம இருக்கறது அது ஒண்ணுலதான், உள்ள எல்இடி எரியறப்போ அழகா இருக்கும், எல்இடில புற ஊதா ரொம்ப கம்மிங்கறதால பயமும் கம்மி. நஷ்டம் என்னன்னா ஒரு முழு கேபினெட் போகும். வருஷத்துக்கு 20, 30 பாட்டில் வெச்சு வெச்சு குடிக்கறவங்களுக்கு சரி, எனக்கு அந்த கேபினெட்ல குக்கர் வைக்கணும்.

சாதா ஃப்ரிட்ஜ் போதாதான்னு கேப்பீங்க. சில வாரத்துக்குப் போதும். 4 டிகிரி, காத்து வறட்சி, மாசக்கணக்குல கிடந்தா கார்க் காயும். திறந்த பாட்டிலுக்கு மட்டும் அதுதான் சரியான வீடு, சிவப்பா இருந்தாலும் கூட, கார்க்கை திருப்பி அடைச்சு நிக்க வெச்சா மூணு நாள், அஞ்சு நாள் தாங்கும். ஸ்பார்க்ளிங்னா கவ்வி பிடிக்கற மூடி வேணும், பாட்டில் வாய்ல ஸ்பூனைத் தொங்க விட்டா கேஸ் போகாதுங்கறது சும்மா, நானும் பண்ணி ஏமாந்தவன்தான்.

படுக்க வைக்கறதா நிக்க வைக்கறதா, இந்த சண்டை முடியவே முடியாது. கார்க் ஈரமா இருக்கணும், காஞ்சா சுருங்கி காத்து போகும், அதான் படுக்க வைக்கறது. ஆனா பாட்டிலுக்குள்ள கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவுல இருக்கற காத்தே ஈரம் நிறைஞ்சதுதான், அதனால சில மாசம் நின்னா உலகம் ஒண்ணும் அழியாது. ஸ்க்ரூ மூடி பாட்டில் எப்படி வேணா இருக்கலாம். ஷாம்பெயினும் நிக்கலாம். இது சின்ன கிச்சன்காரங்களுக்கு பெரிய நிம்மதி, படுக்கற இடத்தை கார்க் போட்ட, ரொம்ப நாள் வைக்கப்போற பாட்டிலுக்கு மட்டும் ஒதுக்கிட்டு மத்ததை கேபினெட்ல ஊறுகாய் ஜாடி பக்கத்துல நிக்க வெச்சிடலாம்.

கிளாஸ் பத்தி ரெண்டு வரி. கேபினெட் அடில தலைகீழா தொங்க விடற சேனல் நிஜமாவே இடம் மிச்சம் பண்ணும், பார்க்கவும் ஒயின் ரேக்கை விட அழகு, ஆனா அடுப்புக்கு நேர் மேலயோ பக்கத்துலயோ வேண்டாம், பிசுக்கு படிஞ்ச கிளாஸ்ல ஊத்தினா வாசனையே மாறிடும்.

இப்போ எங்க வீட்ல எப்படின்னா, நீண்ட நாள் பாட்டில் ஆறு கிச்சன்லயே இல்லை, பெட்ரூம் அலமாரி அடில, வெளிச்சுவரை ஒட்டாத பக்கத்துல, அட்டைப்பெட்டில, பழைய பெட்ஷீட் போத்திக்கிட்டு கிடக்கு. கிச்சன்ல அலமாரி அளவுக்கு குளிர்ச்சியான மூலை இல்லைங்கறதை ஒத்துக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இந்த மாசம் குடிக்கறது நாலு, கீழ் கேபினெட்ல. சுவர்ல அந்த லேபிள் தெரியற ரேக் இருக்கு, அதை விட மனசு வரல, அதுல ஆறு பாட்டில், ஆறும் குடிச்சு முடிச்ச காலி பாட்டில், நல்லா கழுவி காயவெச்சு கார்க்கை திருப்பி அடைச்சது. வெயிட் பாதிக்கும் கீழ, வெளிச்சம் பட்டா பட்டுட்டு போகட்டும், பிசுக்கு ஏறினா சோப்புத் தண்ணில அலசிக்கலாம். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ராத்திரி ஞாபகம்.

போன தடவை அக்கா வீட்டுக்கு வந்தப்போ சுவர் முழுக்க பார்த்துட்டு, "என்னடா, பெரிய ஆளாயிட்ட"ன்னு சொல்லிக்கிட்டே ஒண்ணை இழுத்தா, கை லேசா மேல போச்சு, ஒரு நிமிஷம் பாட்டிலை ஆட்டிப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. நான் பெட்ரூமுக்குப் போய் பெட்ஷீட்டைத் தூக்கினேன்.